தங்கராசு அண்ணன் சுட்ட கேக்

கார்த்திகை மாதத்து மழை. காலை பதினோரு மணி இருக்கும். என் மனைவி லதா வேலைக்குப் போய்விட்டாள். நான் சமையலறையில் நின்று முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கதவை யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

திறந்தால் தங்கராசு அண்ணன் நிற்கிறார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். குடை இருந்தும் தோள் இரண்டும் நனைந்திருந்தன. வலது பக்கம் ஒரு முறை பார்த்தார், இடது பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"உள்ள யாரு கீறா?"

"யாருமில்லண்ணே. லதா வேலைக்குப் போயிருக்குது."

"மொதல்ல கதவச் சாத்து."

இவர் எங்கள் உப்பளத்தில் எஞ்சின் ஓட்டுபவர். வாய்க்காலிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைக்கிற டீசல் எஞ்சின் பக்கத்தில் இருபது வருடமாக நின்று பேசிப் பேசி, அவருக்குக் குரலைத் தணிக்கவே மறந்துவிட்டது. அவர் வீட்டில் சோறு கேட்டால் எங்கள் தெருவில் கேட்கும். அப்படிப்பட்டவர் அன்று என் காதருகே வந்து கிசுகிசுத்தார்.

"உன் கேக்காலதான்டா சேகரு, எங்க வூட்ல கெளம்பிப் போயிட்டா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த கரண்டியிலிருந்து முட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

சும்மா இருக்கும் மாதங்கள்

உப்பளத்து மேஸ்திரிக்குச் சமையலறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். போன வாரம் இந்தப் பத்தியில் கோடைக்காலத்து வேலையைப் பற்றி எழுதினேன். வெயில் ஏற ஏற எங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரி ஆகிவிடும். வாரி வைத்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், மறுபடி வேலை தொடங்கத் தை மாதம் தாண்ட வேண்டும்.

அந்த மாதங்களில் நாங்கள் ஆண்கள் என்ன செய்வோம்? தூங்குவோம். டீக்கடைக்குப் போவோம். வந்து மறுபடி தூங்குவோம். பக்கத்து எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்த பிறகு, ஓர் ஆம்பிளை சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பயம் வந்துவிடும். லதாவும் பயந்தாள். ஆனால் வாய் திறந்து சொன்னதில்லை.

அவளுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை. காலையில் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. நனைந்த பையை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"நாள் பூரா இன்னா பண்ணீங்க?"

கோபமில்லாமல்தான் கேட்பாள். அதுதான் தாங்காது.

ஒரு நாள் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "ஸ்டெல்லாவுக்கு வெள்ளிக்கிழம பொறந்த நாளு. எப்பப் பாரு அவதான் எதையாவது செஞ்சி எடுத்துக்கினு வர்றா. நானும் கையால ஏதாவது செஞ்சி எடுத்துக்கினு போவணும்னு பாக்கறேன். எங்க, நேரம்?"

ஸ்டெல்லா அவளோடு அதே கடையில், அதே பஸ்ஸில் போகிற சிநேகிதி. பொம்மையார்பாளையத்தில் ஏறுகிறவள்.

"நான் செய்யறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. லதா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். குடித்திருக்கிறேனா என்று பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அடியில் உப்பு, மேலே கேக்

ஓவன் இல்லாமல் கேக் செய்ய முடியும் என்று லதாவிடம் சொல்லியிருந்தவளும் அதே ஸ்டெல்லாதான். குக்கரின் ரப்பரையும் விசிலையும் எடுத்துவிட வேண்டும். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மணலோ கல் உப்போ பரப்ப வேண்டும். அதன் மேல் ஒரு வளையம் வைத்து, மூடிச் சூடாக்கி, மாவு ஊற்றிய பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும். உப்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு நாலா பக்கமும் ஒரே மாதிரி கொடுக்கும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எது இருக்கிறதோ இல்லையோ, உப்புக்குப் பஞ்சமில்லை.

முதல் கேக் செங்கல் மாதிரி வந்தது. லதா ஒரு துண்டை வாயில் வைத்து ரொம்ப நேரம் மென்றாள். பிறகு, "டீல தொட்டா நல்லாத்தான் இருக்குது" என்றாள். இரண்டாவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்ததில், நடுவில் குழி விழுந்தது. மூன்றாவது எழும்பியது. மூடியைத் தூக்கியபோது அது எழும்பி நின்றதைப் பார்த்து, ஆளில்லாத வீட்டில் நான் கைதட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தட்டினேன்.

வெள்ளிக்கிழமை அது பஸ்ஸில் போனது. துணிக்கடை வரை போகவில்லை. கோட்டக்குப்பம் வருவதற்குள் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டதாம். மாலையில் டப்பா திரும்பி வந்தது, ஸ்டெல்லா வீட்டு அச்சு முறுக்கோடு. அடுத்த வாரம் வேறு ஒருத்திக்குக் கல்யாண நாள். அந்த டப்பா கொய்யாப் பழத்தோடு வந்தது. இப்படியே எங்கள் வீட்டு டப்பாக்கள் ஈ.சி.ஆர். ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தன. என்னை ஒரு தடவைகூடப் பார்க்காத பெண்கள், "சேகர் அண்ணனுக்கு" என்று துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா நண்டுக் குழம்பு வைத்தால் ஊரே எழுந்து வரும். ஆனால் அவர் அதை உப்பளத்து வரப்பில், மூன்று கல் கூட்டி, கூட்டாளிகளுக்காகத்தான் வைப்பார். வீட்டுக்குள் வந்தால் கரண்டியைத் தொடமாட்டார். எங்கள் அம்மா அந்தக் குழம்பை ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. அது எனக்கு விநோதமாகவே பட்டதில்லை, நானே கரண்டி பிடிக்கும்வரை.

கேக்கு மேஸ்திரி

விஷயம் டீக்கடைக்குப் போகாமல் இருக்குமா? போனது.

"ஏம்பா மேஸ்திரி, கேக்குக்கு வரப்பு வெட்டினியா, இல்ல சும்மா பாத்தி கட்டி வுட்டுட்டியா?"

"அவன் வூட்ல பொம்பள சம்பாரிக்கிறா, இவன் சோறு வடிக்கிறான்."

எனக்குக் "கேக்கு மேஸ்திரி" என்று பேரே வைத்துவிட்டார்கள். இதில் எல்லோரையும் விடப் பெரிய குரல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் கூடவே சிரித்துவைப்பேன். மழை விட்டால் மறுபடி ஒரே பாத்தியில் நிற்க வேண்டிய ஆட்கள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

தீபாவளி வந்தது. எங்கள் அளத்தில் என்னோடு வேலை செய்கிற எட்டுப் பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு கேக் கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை. ஒரே ஒரு குக்கர். மூன்று நாள் ஆனது. அட்டைப் பெட்டியில் வைத்து நூல் கட்டியபோது லதா ஒரு யோசனை சொன்னாள்.

"பொட்டி மேல ஆம்பளைங்க பேரு வேணாங்க. அந்தந்த வூட்டுப் பொம்பளைங்க பேர எழுதுங்க. கல்யாணப் பத்திரிகை குடுக்கறப்பகூடக் கவர் மேல அவங்க பேர எழுதறதில்ல."

எழுதினேன். ஒன்றில் "சரசு அண்ணிக்கு" என்று எழுதினேன். சரசு அண்ணி தங்கராசு அண்ணனின் மனைவி.

அவர் டீக்கடையில் இருந்ததால் அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. நான் தெருமுனை திரும்புவதற்குள் அவர் நூலை அறுத்து, "வாங்கடா, கேக்கு மேஸ்திரி கைமணத்தப் பாருங்க" என்று ஆளுக்கொரு விள்ளல் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்த நாய்க்குப் போட்டுவிட்டாராம். மறுநாள் ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குள் வந்து குக்கரைத் துடைத்து மேல் பலகையில் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரம் அதை எடுக்கவில்லை. லதா கேட்டபோது, கேஸ் தீர்ந்துவிடும் என்றேன். அவள் நம்பவில்லை. அந்த நாய் மட்டும் அன்றிலிருந்து என்னைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

பிறகு ஸ்டெல்லாவே சீட்டு எழுதி அனுப்பினாள், அவள் மகளுக்குப் பிறந்த நாள் என்று. சரி என்று குக்கரை இறக்கி முட்டையை அடிக்க ஆரம்பித்த அன்றுதான் தங்கராசு அண்ணன் என் பின்கதவைச் சுரண்டினார்.

பதினைந்து நாள் பன்னும் டீயும்

ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு அவர் அரிசி டின் மேல் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

டீக்கடைக்காரர் மனைவி மூலமாகப் பெட்டியின் கதை சரசு அண்ணி காதுக்குப் போயிருக்கிறது. அண்ணி கேட்டிருக்கிறார்: பெட்டி மேலே யார் பேர் இருந்தது? "உன் பேருதான். அதுக்கின்னா இப்ப? கேக்குதானே?" என்றிருக்கிறார் இவர்.

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'இத்தினி வருசத்துல என் பேரு போட்டு ஒரு பொருளு இந்த வாசப்படிக்கு வந்ததில்ல. மொதமொறையா ஒண்ணு வந்துது. அதையும் நாய்க்குப் போட்டுட்டு வந்துட்டியா'ன்னா. சத்தம்கூடப் போடல. பைய எடுத்துக்கினு பஸ் ஏறிட்டா. கிளியனூர்ல அவ தம்பி வூட்ல கீறா. பதினஞ்சு நாளாச்சி. போன் எடுக்க மாட்டேங்கறா."

"சாப்பாட்டுக்கு இன்னா பண்றீங்க?"

"பன்னும் டீயும்."

அந்த ஆளுடைய கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஒரு கேக்கு செஞ்சிக் குடு சேகரு. அவ பேர எழுதிக் குடு. எடுத்துக்கினு போய்க் கூப்புடறேன். யாருக்கும் சொல்லாத."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இரண்டு வாரமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தவர் இப்போது என் சமையலறையில் வந்து கையேந்தி உட்கார்ந்திருக்கிறார்.

"மாட்டேண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நியாயந்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். கத்தியிருந்தால் விட்டிருப்பேன். அந்தப் பெரிய உடம்பு சத்தமில்லாமல் எழுந்து கதவுப் பக்கம் போனதுதான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் செஞ்சி நீ எடுத்துக்கினு போனா அது என் கேக்குதானண்ணே? நீயே செய். நான் பக்கத்துல நிக்கறேன்."

"நானா?"

"கைய கழுவிக்கினு வா."

எஞ்சின் கை

முட்டையை அவர் உடைத்த விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிற வேகத்தில் விளிம்பில் தட்டினார். முதல் முட்டை அடுப்பு மேல் போனது. இரண்டாவது பாதி கிண்ணத்தில், பாதி லுங்கியில். மூன்றாவது ஓட்டோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. பொறுக்கி எடுத்தோம்.

"மெதுவாண்ணே, மெதுவா."

"மெதுவான்னா எப்படிடா?" உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

மைதாவைச் சலிக்கச் சொன்னேன். தும்மினார். சர்க்கரையை மிக்ஸியில் போட்டு மூடியைப் பிடிக்காமல் சுவிட்சைத் தட்டினார். மாவைக் கலக்கும்போது மட்டும் கை சரியாக ஓடியது. ஒரே பக்கமாக, நிறுத்தாமல், கட்டி இல்லாமல். "இது தெரியும்டா எனக்கு, கிரீஸ் கலக்கற மாதிரிதான்" என்றார். குக்கரில் இறக்கும்போது மணிக்கட்டில் சுட்டுக்கொண்டார். ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தெருவுக்குத் தெரியாமல் வந்தவர், தெருவே கேட்கிற மாதிரி.

முதல் கேக் அடிப்பிடித்தது. அவரே முகர்ந்து பார்த்து, "இத எடுத்துக்கினு போனா அவ இன்னொரு பதினஞ்சு நாளு இருந்துடுவா" என்றார். இருவரும் சிரித்தோம். தீபாவளிக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

இரண்டாவது கேக்குக்கு அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. சின்னத் தீயைக் குனிந்து குனிந்து பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கினார். எழும்பியிருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வுதான், ஆனாலும் எழும்பியிருந்தது. அட்டைப் பெட்டியையும் ஸ்கெட்ச் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். பேனாவைப் பிடித்தவர் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

"சரஸ்வதின்னு எழுதட்டா? சரசுன்னு எழுதட்டா?"

"நீ எப்படிக் கூப்புடுவ?"

"நான் எங்கடா பேரு சொல்லிக் கூப்புட்டேன். 'ஏய்'தான்."

கடைசியில் சரஸ்வதி என்று முழுப் பேரையும் எழுதினார். கடைசி எழுத்து ஓரத்தில் இடமில்லாமல் கீழே இறங்கிவிட்டது.

கிளியனூர்

மறுநாள் அவர் பைக்கில் போனோம். நான் பின்னால், மழைக்கோட்டுக்குள் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் "கேக்கு எப்படி கீது, கேக்கு எப்படி கீது" என்று கத்திக்கொண்டே ஓட்டினார்.

அண்ணியின் தம்பி வாசலில் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணி வெளியே வந்தார். தங்கராசு அண்ணன் பெட்டியை நீட்டினார்.

அண்ணி பெட்டி மேல் இருந்த எழுத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதினது இவருன்னு தெரியுது. செஞ்சது நீதான சேகரு?"

"இல்லண்ணி. அண்ணன்தான் செஞ்சாரு."

"எதுக்கு அவருக்காகப் பொய் சொல்றே?"

ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். நின்றார். நாக்கு நுனியிலிருந்து எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முட்டை ஓடு.

"ஆமா" என்றார். "இவருதான் செஞ்சிருக்காரு."

தம்பி மனைவி உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். அண்ணியும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆனால் உடனே கிளம்பி வந்துவிடவில்லை. அவர் அப்படிப்பட்டவரில்லை.

"டீக்கடையில வெச்சித்தான அவமானப்படுத்தினீங்க? அதே டீக்கடையில, அதே ஆளுங்க இருக்கறப்ப, செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. என் காதுக்கு வரட்டும். அப்பறம் வர்றேன்."

திரும்பும் வழியில் அண்ணன் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார். செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேக் சுடுவது கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். இது அப்படியா?

அடுத்த நாள் காலை, கடை நிறைய ஆள் இருக்கும்போது எழுந்து நின்றார். "டேய், எல்லாரும் கேளுங்கடா. சேகரு குடுத்த பொட்டி என்னுது இல்ல, என் வூட்டுக்காரியுது. அத நான் நாய்க்குப் போட்டது தப்பு. சேகரு, உன்கிட்டயும்தான் சொல்றேன்" என்றார். கிசுகிசுக்கவில்லை. எஞ்சின் குரலில் சொன்னார். யாரோ ஒருவர் சிரிக்க வாயெடுத்தார். இவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கினதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாம் நாள் கிளியனூரிலிருந்து பஸ்ஸில் அண்ணி வந்து இறங்கினார்.

ஆம்பிளைகள் வைத்த விருந்து

விருந்து லதாவின் யோசனை. எட்டு வீட்டையும் கூப்பிட வேண்டும், ஆனால் அன்று ஆண்கள்தான் சமைக்க வேண்டும், பெண்கள் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்றாள். எட்டு வீட்டில் ஐந்து வீடு வந்தது. மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்கென்று ஊரில் அவசர வேலை வந்துவிட்டது.

ஆட்டுக்கறிக் குருமா, பூரி, கேசரி. கடைசியில் கேக். ஸ்டெல்லாவும் பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு தூக்கு நிறைய கல்கலா பலகாரத்தோடு. என் முகத்தைப் பார்த்து, "ஓ, நீங்கதான் அந்தச் சேகர் அண்ணனா? நான் கொஞ்சம் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

கொல்லைப் பக்கம் தகர ஷீட்டுக்குக் கீழே அடுப்பு. ஒருவர் மாவு தேய்க்க, ஒருவர் பொரிக்க, இன்னொருவர் குருமாவில் உப்பு சரியா என்று ஏழாவது தடவையாக ருசி பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்துக்காரன் குழம்பில் உப்பைக் கோட்டைவிட்டால் மானம் போகுமே என்று அவருக்குப் பயம். ஒரு பூரிகூட வட்டமாக வரவில்லை. ஆனால் எல்லாம் உப்பியது. பெண்கள் கூடத்தில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடிக்கடி யாராவது எழுந்து வருவார்கள். லதா கையைப் பிடித்து உட்கார வைப்பாள்.

எண்ணெயிலிருந்து எடுத்த பூரியை ஓட்டமாகக் கொண்டுபோய் இலையில் போடுவது தங்கராசு அண்ணன் வேலை. சரசு அண்ணி ஒரு பூரியைப் பிய்த்தார். உள்ளேயிருந்து ஆவி வந்தது. கை சுட்டு விரலை உதறிக்கொண்டார். மறுபடி பிய்த்தார். குருமாவில் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த லதாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்கிதான் லதா சூடா சாப்புடறேன்."

மற்ற பெண்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் குருமாக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

தங்கராசு அண்ணன் தட்டில் இருந்த கடைசிப் பூரியை அண்ணியின் இலையில் வைத்தார். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, வீடே அதிர்கிற மாதிரி கத்தினார்.

"டேய், இன்னாடா பண்றீங்க அங்க? எண்ணெய் காயுது பாரு, அடுத்தத போடுங்கடா. சரஸ்வதி சாப்புட்டுக்கினு இருக்குது!"